ஊறப்போடும் நேரம்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஜூலையிலும் எங்கள் சமையற்கட்டின் பின்கதவை யாராவது ஒரு புதுப் பிள்ளை வந்து தட்டும். ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனிலிருந்து வேகமாக நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கியிருக்காது. கையில் ரெஸ்யூமே. "அக்கா, பார்ட் டைம் வேலை ஏதாவது இருக்குமா?" நான் ரெஸ்யூமேயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, "யுனிவர்சிட்டி டைம்டேபிள் இருக்கா?" என்று கேட்பேன். பெரும்பாலும் இருக்காது. "அது இன்னும் ரெண்டு வாரத்துல வரும்க்கா, முதல்ல வேலை கிடைச்சா போதும்." இதே பதிலை 2013 ஜூலையில் நானும் சொல்லியிருக்கிறேன்.

வார நாட்களில் எனக்கு வேறு வேலை. மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் போடுகிறேன். படித்த படிப்பு அதற்குத்தான். சனிக்கிழமை காலை மட்டும் இன்னும் தோசைக்கல்லின் முன்னால் நிற்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. கோவில்பட்டியில் பி.இ. முடித்துவிட்டு சிட்னி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு வந்தவள் நான். மூன்று வருடம், ஆறு செமஸ்டர், செமஸ்டருக்கு நான்கு பாடம். அத்தனை நாளும் இந்தக் கல்லும் கூடவே இருந்தது. வேலையையும் படிப்பையும் சேர்த்துக் கொண்டுபோவது பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கல்லடியில் கற்றதுதான். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்ல முடியும்.

முதலில் வேலைக்குப் போன இடம் வேறு. அதன் பெயர் வேண்டாம். பாத்திரம் கழுவுவதும் வெங்காயம் உரிப்பதும் என் வேலை. முதல் மூன்று வாரம் பயிற்சி என்று சொல்லிக் காசு தரவில்லை. அப்புறம் மணிக்குப் பத்து டாலர், கவரில் போட்டுக் கையில். அந்த வருடம் இந்த நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 16.37 டாலர் என்பது எனக்குத் தெரியாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. மாணவர் விசாவில் இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்பது மட்டும் தெரியும். அங்கே ஐம்பது, அறுபது மணி நேரம் வாங்கினார்கள். சம்பளத்தைப் பற்றி ஒருநாள் வாய் திறந்தபோது, "நீ எத்தனை மணி நேரம் செஞ்சன்னு இமிக்ரேஷனுக்குத் தெரிஞ்சா என்னாகும்?" என்று கேட்டார்கள். அன்றிரவு ரயிலில் அழுதுகொண்டு வந்தேன். 2015-இல் செவன்-இலெவன் கடைகளின் ஊதியக் கணக்கு ஃபோர் கார்னர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வெளிவந்தபோது, இதே மிரட்டலை எத்தனை மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்து மனசு ஆறவில்லை.

ஆகவே வருகிற பிள்ளைக்கு முதலில் இதைச் சொல்லிவிடுவேன். 2025 ஜூலை முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். கேஷுவலாக வேலை பார்த்தால் அதற்கு மேல் 25 சதவீதம், ஏறக்குறைய 31.19 வரும். பேஸ்லிப் இல்லாத இடத்தில் இரண்டாவது வாரம் நிற்காதே. ஊதியப் புகாருக்கு ஃபேர் வொர்க் எண் 13 13 94. தமிழில் பேச வேண்டுமானால் 131 450-ஐ அழைத்து மொழிபெயர்ப்பாளரைக் கேள். விசாவைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவது 2024 ஜூலை முதல் தனிக் குற்றம். தோசைக்கு உப்பு எவ்வளவு என்பதைப் போல இந்த எண்களும் கைக்கு வந்துவிட வேண்டும்.

அந்த முதல் இடத்தை விட்ட மறுவாரம் இங்கே வந்தேன். கல்லில் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளவத்தைச் சைவக்கடை ஒன்றில் சின்ன வயதிலேயே கை பழகியவர். 83 ஜூலைக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்த பிறகு நாடு நாடாக வந்து சேர்ந்தவர். எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். நான் அண்ணை என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். என்னை அவர் இன்றுவரை பெயர் சொல்லி அழைத்ததில்லை, பிள்ளைதான். முதல் நாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பிள்ளை, வகுப்பு எந்தெந்த நாள்? எழுதிக் காட்டும்."

எழுதிக் கொடுத்தேன். கூல்ரூம் கதவில் ரோஸ்டர் ஒட்டியிருக்கும். அதன் பக்கத்தில் என் தாளை ஒட்டினார். செவ்வாய், புதன், வெள்ளி வகுப்பு. வெள்ளி காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "வெள்ளிக்கிழமை விடிய ஆறுக்கு வந்து உழுந்தும் அரிசியும் ஊறப்போடும். அது ஊறேக்க நீர் போய்ப் படிச்சிட்டு வாரும். ரெண்டு மணிக்கு அரைப்பம்" என்றார்.

என் மூன்று வருடமும் அந்த ஏற்பாட்டின் மேல்தான் நின்றது. ஆறு மணிக்கு வந்து இருபது கிலோ இட்லி அரிசியைக் கழுவி ஒரு டிரம்மிலும், ஐந்து கிலோ உளுந்தை ஒரு கை வெந்தயத்தோடு இன்னொன்றிலும் ஊறப்போடுவேன். பிறகு சட்னிக்கும் சாம்பாருக்கும் பிரெப். எட்டு மணிக்கு ஏப்ரனைக் கழற்றிவிட்டு ரெட்ஃபெர்னுக்கு ரயில். வகுப்பில் நான் உட்கார்ந்திருக்கும்போது இங்கே உளுந்து ஊறிக்கொண்டிருக்கும். இரண்டு மணிக்குத் திரும்பினால் கிரைண்டர். நான் எதுவும் செய்யாமலே ஒரு வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பாடத்துக்கும் அதையே செய்யப் பழகினேன். அசைன்மென்ட் கேள்வித்தாள் வெளியான அன்றைக்கே, எழுதப்போவது மூன்று வாரம் கழித்தென்றாலும், ஒருமுறை முழுதாக வாசித்துவிடுவேன். வாசித்துவிட்டு வேலைக்குப் போவேன். கல்லடியில் ஐந்து மணி நேரம் நிற்கும்போது அது உள்ளே ஊறும். ஆற்றுக் குறுக்குவெட்டில் நீர் வேகம் கணக்கிடும் ஒரு கேள்விக்கு வழி தெரிந்தது ஒரு ஊத்தாப்பத்தைத் திருப்பும்போது. ஆர்டர் டாக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன். கெடுவுக்கு முந்தின இரவு முதன்முதலாகக் கேள்வியைத் திறப்பவர்களைப் பார்க்கிறேன். ஊறாத உளுந்தை எவ்வளவு நேரம் அரைத்தாலும் நறநறவென்றுதான் இருக்கும். தண்ணீரைக் கூட்டினால் நீர்த்துப் போகுமே தவிர மாவு பொங்காது.

அரைப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உளுந்து முதலில். கிரைண்டர் கல் சுற்றச் சுற்றச் சூடேறும், அதனால் ஐஸ் தண்ணீர். அதையும் ஒரேயடியாகக் கொட்டாமல் கையால் தெளித்துத் தெளித்து. முப்பது நிமிடம் கழித்து ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் பத்து நிமிடம். அரிசி வேறாக, ரவை பதத்துக்குச் சற்றுக் கீழே. இரண்டையும் சேர்த்து உப்புப் போட்டு, முழங்கை வரை கழுவிய கையால் அண்ணை கலப்பார். கரண்டியால் கலந்தால் ஆகாதா என்று கேட்டேன். என் கையைப் பிடித்து மாவுக்குள் விட்டார். அடியில் உளுந்து தனியாக, வழுவழுவென்று தங்கியிருந்தது கைக்குத்தான் தெரிந்தது.

கோவில்பட்டியில் எட்டு மணி நேரத்தில் பொங்கி வழியும் மாவு, சிட்னியின் ஜூலை மாதத்தில் பதினைந்து மணி நேரம் கேட்கும். முதல் குளிர்காலத்தில் நான் பொறுமை இழந்து டிரம்மை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் அப்படியே குளிர்ந்து கிடந்தது. இருபத்தைந்து கிலோ. அண்ணை திட்டவில்லை. டிரம்மை உருட்டிக்கொண்டுபோய்க் கூல்ரூம் மோட்டார் வெளியே காற்றுவிடும் மூலையில் வைத்துக் காட்டினார். இளஞ்சூடு, இரவு முழுக்க ஒரே அளவு. "கெதிப்படுத்த ஏலாது பிள்ளை. இடத்தை மாத்தலாம்." பொங்கி முடிந்ததும் நேரே கூல்ரூமுக்குள், ஐந்து டிகிரிக்குக் கீழே. கவுன்சில் இன்ஸ்பெக்டர் தெர்மாமீட்டரோடு வருவார் என்பதற்காக மட்டும் இல்லை. அதற்குமேல் விட்டால் புளிப்பு ஏறிவிடும்.

இடத்தை மாற்றுவது பற்றி நிறைய யோசித்தேன். நான் தங்கியிருந்த அறையில் நான்கு பேர். எவ்வளவு முயன்றாலும் அங்கே படிப்பு ஓடவில்லை. சோம்பல் என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன். பிறகு ரெட்ஃபெர்னிலேயே இறங்கிப் பல்கலைக்கழகத்தின் ஃபிஷர் நூலகத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வேலைக்கு வர ஆரம்பித்ததும் அதே நான், அதே பாடம், ஓடியது. அந்த நூலகத்துக்குப் பெயர் தந்த தாமஸ் ஃபிஷர் காலணித் தொழில் செய்தவர். 1880-களில் பல்கலைக்கழகத்துக்கு 30,000 பவுண்டு எழுதிவைத்துவிட்டுப் போனார். கைத்தொழில்காரர் ஒருவர் விட்டுச் சென்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அறிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கல்லுக்கு வருவதற்கு எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதுவரை மாவு, சட்னி, பாத்திரம். எங்கள் கல்லில் ஆறு தோசை கொள்ளும். தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டோடினால் சூடு அதிகம். சுர்ரென்று அந்த இடத்திலேயே அடங்கினால் பதம். பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து, கரண்டியின் அடிப்பாகம் மாவை மட்டும் தொடும்படி நடுவிலிருந்து வெளியே சுற்ற வேண்டும். கையை எடுத்து எடுத்துச் சுற்றினால் ஓட்டை. அழுத்தினால் கிழிசல். முதல் சனிக்கிழமை மதியம் டாக்கெட்டுகள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போய், ஆறையும் ஒரே மூச்சில் வார்த்துவிட்டேன். ஆறும் ஒரே நேரத்தில் சிவந்தன. மசால் வைக்க இரண்டு கைதான் இருக்கிறது. மூன்று கருகின.

அண்ணை என் பின்னால் வந்து நின்று, "கல்லைப் பாரும். டாக்கெட்டைப் பாராதேயும்" என்றார். என் மணிக்கட்டை மேலிருந்து பிடித்து, ஒன்று வார்த்து, நான்கு மூச்சு விட்டு, அடுத்தது வார்க்கவைத்தார். முதலாவது சிவக்கும்போது இரண்டாவது வேகும், மூன்றாவதில் அப்போதுதான் கண் விழும். ஆறு தோசையும் ஆறு வெவ்வேறு நிலையில் இருந்தால் ஒருவர் போதும். அவருடைய கை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது மின்னலாகத் தெரியும் கை அது.

செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்தில் நான்கு பாடத்தின் யூனிட் அவுட்லைனையும் எடுத்து, எல்லாக் கெடுவையும் ஒரே தாளில் வாரவாரியாக எழுதிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். ஏழாவது வாரத்தில் இரண்டு, பத்தாவதில் ஒன்று, பதின்மூன்றாவதில் நான்கு. பல்கலைக்கழகம் தேதிகளை என் வசதிக்கு மாற்றப்போவதில்லை. நான் வார்க்கத் தொடங்கும் நேரம் மட்டும் என் கையில். பதின்மூன்றாவது வாரத்து நான்கில் ஒன்றை எட்டாவது வாரத்திலேயே வார்த்துவிடுவேன்; அரைகுறையாக இருந்தாலும் கல்லில் ஏறிவிட வேண்டும். ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரம் ஆகும். நான்குக்கு நாற்பது. அதோடு இருபது மணி நேர வேலை. இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல், பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குபவர்களுக்காகத்தான் எனக்குப் பயம்.

ஏனென்றால் நான் அப்படி இறங்கித்தான் ஹைட்ராலிக்ஸில் தோற்றேன். தீபாவளி எப்போதும் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். இங்கே இரண்டாவது செமஸ்டரின் கடைசி வாரங்களும் தேர்வும் அதே நாட்களில். உணவகத்தில் வருடத்திலேயே அதிக வேலை இருக்கும் நேரமும் அதுதான். 2013-இல் தீபாவளி நவம்பர் 2, சனிக்கிழமை. அண்ணை கேட்காமலே மேலும் மூன்று ஷிஃப்ட் வாங்கிக்கொண்டேன். ஊருக்குப் பணம் அனுப்பும் ஆசை. தேர்வில் 43. தேற 50 வேண்டும். அந்தப் பாடத்தை மறுபடி படிக்கக் கட்டிய கட்டணம், அந்த மாதம் நான் கூடுதலாகச் சம்பாதித்ததைப் போலப் பல மடங்கு. அம்மாவிடம் சொல்ல இரண்டு வாரம் ஆயிற்று. அண்ணையிடம் சொன்னபோது அவர் எனக்கு மேல் வருந்தினார். "நான் கேட்டிருக்க வேணும் பிள்ளை, சோதினை எப்பவெண்டு." மறுவருடம் தீபாவளி ரோஸ்டரை ஆகஸ்டிலேயே எழுதினார். என் பெயர் இருந்த இடத்தில் சனிக்கிழமை மட்டும். அதற்கு ஈடாகப் பொங்கல் வாரத்தில், விடுமுறைக் காலத்துக்கு மணி வரம்பு இல்லாதபோது, முழு வாரமும் எனக்கே தந்தார்.

இப்போது ரோஸ்டர் எழுதுவது நான். அந்தத் தாள் முறையை விடவில்லை. பிள்ளைகள் முதல் வாரத்திலேயே தங்கள் தேர்வு வாரங்களைக் கதவில் எழுதிவிட வேண்டும். முதல் வாரத்தில் கேட்டால் எந்த மேனேஜரும் ஆள் மாற்றிவிடுவார். பன்னிரண்டாவது வாரம் வியாழக்கிழமை இரவு மெசேஜ் அனுப்பினால் நல்லவரும் எரிச்சல்படுவார். இதை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன்.

மணிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு, படித்தவர்களே தவறுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு சில காலம் தளர்த்தியிருந்த வரம்பு 2023 ஜூலை 1 முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி என்று திரும்ப வந்தது. அந்த இரண்டு வாரம் எந்தத் திங்கட்கிழமையும் தொடங்கும். சம்பள ஃபோர்ட்நைட்டைப் போல நிலையான கட்டம் கிடையாது. முதல் வாரம் 22, இரண்டாம் வாரம் 26 என்றால் சரி, 48. மூன்றாம் வாரம் 24 செய்தால்? இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 50, மீறல். 40 மணிக் காலத்தில் நானும் இப்படித் தவற இருந்தேன். சம்பளப் பட்டியலைப் போட்டுப் பார்த்த அண்ணைதான் ஞாயிறு ஷிஃப்டிலிருந்து என்னை வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து ஒரு வாரம் கூட ஓடினால் அதற்கு முந்தினதையும் பிந்தினதையும் பார்த்துத்தான் எழுதுவேன்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை வகுப்பு முடிந்து, நூலகமும் முடிந்து, இரவு வெஸ்டர்ன் லைன் ரயிலில் கண் மூடினேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் போனது தெரியாது. கண் விழித்தது பென்ரித். திரும்ப ரயில் இல்லை. நைட்ரைட் பஸ் பிடித்து வீடு சேர விடியற்காலை மூன்று. மறுநாள் கரண்டி பிடித்தபோது அண்ணை என் கையைப் பார்த்தார். "கை நடுங்குது. நித்திரை கொள்ளேல்லையோ?" கல்லிலிருந்து என்னை எடுத்துவிட்டுக் கறிவேப்பிலை உருவ உட்காரவைத்தார். சூடான கல்லின் முன் தூக்கமில்லாத கை ஆபத்து. இன்றைக்கு என் இடது முன்கையில் இருக்கும் தழும்பு அவர் லீவில் இருந்த ஒரு நாளில் பட்டது.

2020 மார்ச் 23-இல் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தச் சொன்னபோது எங்களிடம் ஐந்து மாணவர்கள் இருந்தார்கள். அரசாங்கத்தின் ஜாப்கீப்பர் உதவி அவர்களுக்குக் கிடையாது. மாவை இரண்டு கிலோ டப்பாவில் அடைத்து விற்றோம். ஊறப்போடுவது, அரைப்பது, அடைப்பது என்று இருந்த மணி நேரத்தை ஐந்தாகப் பங்கிட்டோம். வகுப்பெல்லாம் ஆன்லைன் என்பதால் ஒருத்தி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து காதில் லெக்சர் கேட்டுக்கொண்டே மூடி போட்டாள். அவள் பாஸ் செய்தாள். ஆனாலும் அந்த முறையை நான் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அது வேறு வழியில்லாத காலம்.

பணத்தைப் பற்றி ஒன்று. பார்ட் டைம் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும் ஆகும். கட்டணத்துக்கு ஆகாது. விசாவுக்காக ஒரு வருடச் செலவுக்கு 29,710 டாலர் காட்டச் சொல்கிறார்களே, அதைக் கடன் வாங்கிக் காட்டிவிட்டு இங்கே வந்து சம்பாதித்து அடைத்துவிடலாம் என்று வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதைக்கிறது. அவர்களுக்கு 48 மணி போதாது. போதாதபோது கவரில் காசு தருகிற இடத்தைத் தேடிப் போவார்கள். அந்தக் கதவு எங்கே கொண்டுபோய்விடும் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஜூலையில் வந்த பிள்ளை திருச்சிக்காரி. டைம்டேபிள் கையிலேயே வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை வகுப்பு காலை பத்துக்கு. விடிய ஆறுக்கு வரச் சொன்னேன். உளுந்து கழுவும்போது தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் கையை வெளியே எடுத்துக்கொண்டாள். குளிர்காலத்தில் ஊறவைக்க வெதுவெதுப்பான தண்ணீர் என்று சொல்லி, கெட்டிலை வைத்தேன்.

அண்ணை ஓய்வெடுத்து ஐந்து வருடமாகிறது. முழங்கால் வலி. ஆனாலும் சில சனிக்கிழமைகளில் மகள் காரில் கொண்டுவந்து விடுவாள். ஓரத்து மேசையில் உட்கார்ந்து ஒரு வெறும் தோசை கேட்பார். போன வாரம் அந்தப் பிள்ளை தந்த மாவில் நான் வார்த்துக் கொடுத்தேன். தட்டு வந்ததும் சாப்பிடவில்லை. ஓரத்தை விரலால் தூக்கி அடியைப் பார்த்தார், கிள்ளி முகர்ந்தார். பிறகு சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "இது ஆர் அரைச்சது?" என்றார்.

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்து நின்றாள்.

"வகுப்பு எந்தெந்த நாள், பிள்ளை?"